கழுவிய குடலில் யார் திரும்பி வருவார்கள்?

தை மாசம். களத்து மேட்டில் வேப்பமர நிழலில் அவுரி இலை காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிடப் போகாமல் நான் திண்ணையில் உட்கார்ந்து மருந்துக்கடைப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தூத்துக்குடியில் எனக்குப் பெருங்குடல் பரிசோதனை. கொலனாஸ்கோப்பி என்கிறார்களே, அதுதான். குடலைச் சுத்தம் செய்ய டாக்டர் அம்மா ஒரு பொடியும் இரண்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘சென்னோசைடு’ என்று போட்டிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களத்தில் காய்கிற இலையின் சத்துதான் இந்த அட்டைக்குள் இருக்கிறது. எங்க காட்டு இலையே கப்பலேறிப் போய், மாத்திரையாகி, என் கைக்குத் திரும்பி வந்திருக்கோ என்னவோ! “எதுக்கு இப்படித் தனியாச் சிரிக்கிய?” என்று வீட்டம்மா கேட்டாள். சொன்னேன். “அப்ப களத்துல கெடக்கிறத ஒரு கை அள்ளிக் கொதிக்க வச்சுத் தரட்டுமா, மாத்திரைக் காசாவது மிஞ்சும்” என்றாள். அது கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவுரி என்று நம்ம பக்கம் சொல்வது நிலாவாரையை. நீலச் சாயம் எடுக்கிற அவுரி வேறு, இது வேறு. சாத்தான்குளம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்து வானம் பார்த்த காடுகளில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்தால் போதும், ஆடு மாடு வாய் வைக்காது, பெரிய செலவும் கிடையாது. உலகச் சந்தையில் இதற்குப் பெயரே ‘திருநெல்வேலி சென்னா’. 1986 அக்டோபர் 20-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் நாமெல்லாம் திருநெல்வேலிச் சீமைதானே. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்து இதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. முத்தும் சங்கும் உப்பும் போன அதே கடற்கரையிலிருந்து ஊர் உலகத்தின் மலச்சிக்கலுக்கும் மருந்து போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இலை வேலை செய்யும் விதம்தான் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சென்னோசைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றுமே செய்யாது. செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை உடைத்து, வீரியமுள்ள பொருளாக மாற்றுகின்றன. அதற்குப் பிறகுதான் குடல் முறுக்கிப் பிழிந்து தண்ணீரைச் சுரக்கிறது. ராத்திரி போட்ட மாத்திரை விடிந்த பிறகு வேலை செய்வது அதனால்தான். நுண்ணுயிர் இல்லையென்றால் மருந்தும் இல்லை. தங்களையே கழுவி வெளியேற்றப் போகிற மருந்தை அவையே அரைத்துக் கொடுக்கின்றன! மண்ணில் நுண்ணுயிர் இல்லாவிட்டால் தொழுவுரம் போட்டும் பயிருக்குச் சேராது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோமே, அதே சங்கதிதான்.

ஆனால் இலையை அள்ளிக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கூடாது. ஒரு கைப்பிடியில் எவ்வளவு வீரியம் இருக்கும் என்று விளைவித்த எனக்கே தெரியாது. அளவு மீறினால் வயிற்றைப் பிசைந்து எடுத்துவிடும், உடம்பு உப்பும் தண்ணியும் இழந்து துவண்டுவிடும். பரிசோதனைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கு மருந்தே மாறும்.

சரி, எனக்கு எதற்கு இந்தப் பரிசோதனை?

எட்டு மாசமாக மலத்தில் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. மூலம் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டேன். சின்ன வெங்காயம், மோர் என்று பத்தியம் இருந்தேன். கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். எடை குறைந்தது, வேலை அதிகம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குள்ளே ஒரு கர்வம் இருந்தது. இருபது வருஷமாக ரசாயனம் தொடாத சோறு, கம்பங்கூழு, கீரை, கருப்பட்டி. எனக்கெல்லாம் குடலில் என்ன வந்துவிடப் போகிறது? இதை எழுதக் காரணமே அந்தக் கர்வம்தான். நம்ம இயக்கத்தில் எனக்கு மட்டும் உள்ள நோய் இல்லை அது.

நார்ச்சத்துள்ள உணவு பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் குறைக்கும். வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்; வராது என்று முறி எழுதிக் கொடுக்காது. வயசு, குடும்ப வாகு, இன்னும் என்னென்னவோ இருக்கின்றன. குடல் சுவரில் முதலில் சின்னப் பரு மாதிரி ஒரு சதை முளைக்கும். பாலிப் என்பார்கள். எல்லாப் பாலிப்பும் கெட்டுப் போவதில்லை. கெட்டுப் போகிறவை அதற்குப் பல வருஷம், பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. 1969-ல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரண்டு மருத்துவர்கள் வயிற்றைக் கிழிக்காமல், குடலுக்குள் விட்ட குழாய் வழியாகவே கம்பிச் சுருக்குப் போட்டு பாலிப்பை அறுத்தெடுத்தார்கள். இன்றைக்கு ஊர் ஊருக்கு நடப்பது அதன் தொடர்ச்சிதான். அமெரிக்காவில் நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களும் 45 வயதிலிருந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்று 2021-ல் மாற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி எல்லோருக்குமான திட்டம் இல்லை. அதனால் மலத்தில் ரத்தம், வழக்கம் மாறிப்போன மலம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடைக் குறைவு, அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களுக்குக் குடல் புற்று — இதில் ஒன்று இருந்தாலும் நாமாகத்தான் போய்க் காட்ட வேண்டும். மூலம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் நல்லது, துத்தி எங்கேயும் ஓடிவிடாது.

முதல் தடவை போனபோது பரிசோதனை நடக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. மூன்று நாளைக்கு நார் இல்லாத சாப்பாடு என்று தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். நான் அதை மதிக்கவில்லை. பொங்கல் முடிந்த வாரம் அது. எங்க ஊர்ப் பக்கம் வைப்பாறு, வேம்பார் வரைக்கும் கடற்கரையெல்லாம் பனை. தை மாசத்தில் வீடு முழுக்க அவிச்ச பனங்கிழங்கு கிடக்கும்போது வாயைக் கட்ட முடியுமா? நார் உரித்துத்தானே சாப்பிடுகிறோம் என்று நாலு கிழங்கு. முதல் நாள் மத்தியானம் முருங்கைக்கீரையும் கம்பஞ்சோறும். மருந்தைக் குடித்தேன், ராத்திரி முழுக்கப் போனேன், சுத்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காலையில் குழாயை விட்டுப் பார்த்த டாக்டர் அம்மா கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார். “ஐயா, உள்ள ஒரே நாரும் இலையுமா இருக்கு. குழாய் அடைக்குது. சுவரே தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

வெளியே பெஞ்சில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் திரேஸ்புரத்துக்காரர் ஒருவர், மகனுக்குத் துணையாக வந்தவர், சங்கு குளிக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. “கலங்கல் தண்ணியில முங்கினா கண்ணு தெரியாது அண்ணாச்சி. காலுக்கடியில சங்கு கெடந்தாலும் தெரியாது. கடல் தெளிஞ்ச பெறவுதான் எறங்கணும். டாக்டரு மட்டும் என்ன செய்வாக?”

அவர் சொன்னதை அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்ததும் பங்குனி, சித்திரை மாதிரி கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும் பருவத்தில்தான். சர்க்கார் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. பிறகு 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்தே எடுத்தார்கள். முத்துக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடைத்தது. பாலிப்பைத் தேட இன்னும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். அஞ்சு மில்லிமீட்டர் பரு ஒரு கீரைத் துணுக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

அதனால் இயற்கை உணவுக்காரர்களே, மூன்று நாளைக்கு நம்ம கொள்கையை மூட்டை கட்டி வைக்கத்தான் வேண்டும். நமக்கு நல்லது என்று தினமும் சாப்பிடுவதெல்லாம் இந்த மூன்று நாளைக்கு ஆகாது. கம்பு, கேழ்வரகு, சோளம், தீட்டாத அரிசி, கீரை, பயறு, கொண்டைக்கடலை, கிழங்கு, தேங்காய்ச் சில், எள்ளுப் பொடி, விதையுள்ள எதுவும். தக்காளி விதை, வத்தல் விதை, கொய்யா விதை எல்லாம் குழாயில் உறிஞ்சும் துவாரத்தை அடைத்துவிடும். என்ன சாப்பிடலாம்? நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான். இட்லி, தோசை, வேகவைத்த மீன், முட்டை, தோல் சீவிய உருளைக்கிழங்கு, தயிர், மோர். கடற்கரைக்காரர்களுக்கு இது ஒன்றும் தண்டனை இல்லை. அவிச்ச மீனும் சோறும் இருக்கிறதே.

முதல் நாள் திடச் சாப்பாட்டை எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனையில் சொல்வார்கள். அதன் பிறகு தெளிந்த நீர் மட்டும்தான். ஊடாகப் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் ஊற்றாத டீ. கருப்பட்டிக் காப்பி நமக்கு விலக்கில்லை. பால் இல்லாமல், மண்டி இல்லாமல் வடிகட்டிக் குடிக்கலாம். சுக்குத் தூள் போடக்கூடாது. மோரும் கஞ்சியும் அன்றைக்கு வேண்டாம். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது, நன்னாரி சர்பத்தானாலும் சரி. உள்ளே படிந்தால் ரத்தம் மாதிரி தெரியும். சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் பூசிவிடும்.

பொடி என்றேனே, அது பாலி எத்திலீன் கிளைக்காலும் உப்புகளும் கலந்தது. எனக்கு இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருந்தார்கள். இது வந்த கதை கொஞ்சம் விபரீதமானது. முன்னே மானிட்டால் என்ற சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுப்பார்கள். இனிப்பாக இருக்கும். ஆனால் மிச்சம் மீதியைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். பாலிப்பை மின்சாரக் கம்பியால் அறுக்கும்போது பொறி பட்டு வாயு வெடித்து ஒரு நோயாளி இறந்தது 1979-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். மறு வருஷமே, 1980-ல், அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் குழுவினர் இந்தப் பொடிக் கரைசலைக் கொண்டுவந்தார்கள். இதை நம் உடம்பும் உறிஞ்சாது, நுண்ணுயிரும் தின்னாது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி உள்ளே போய் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வெளியே வரும். ருசி உப்புக் கரித்துக் குமட்டும். குளிர வைத்து, நிதானமாக ஒவ்வொரு தம்ளராகக் குடித்தால் இறங்கும். பாதியை முதல் நாள் சாயங்காலமும் மீதியை மறுநாள் விடியலிலும் குடிப்பதுதான் இப்போது நல்ல முறை. கடைசியில் வருவது மூத்திரம் மாதிரி தெளிந்த மஞ்சளாக இருந்தால் கடல் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது தடவை நான் சொன்னபடி கேட்டேன். இரண்டு பாலிப் இருந்தது. ஒன்று சின்னது. இன்னொன்று 12 மில்லிமீட்டர். இரண்டையும் அப்போதே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

இனிமேல்தான் நம்ம இதழுக்கான கேள்வி வருகிறது. பரிசோதனை முடிந்து வீடு திரும்பினால் சொந்தக்காரர்கள், இயக்க நண்பர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை. “குடல்ல இருந்த நல்ல கிருமியெல்லாம் போயிருக்குமே, புரோபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போடு” என்றார் தங்கச்சி மாப்பிள்ளை. “எதுக்கு மாத்திரை? நம்ம பஞ்சகவ்யம் ரெண்டு மூடி குடிங்க” என்றார் ஒரு நண்பர். விளையாட்டாகச் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னார். பஞ்சகவ்யத்தில் நல்ல நுண்ணுயிர் ஏராளம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சாணத்தில் மனுஷக் குடலுக்கு ஆகாத நுண்ணுயிரும் இருக்கும். உள்ளே இரண்டு இடத்தில் புண்ணோடு இருக்கும் ஆள் அதைக் குடிக்கக் கூடாது. செடிக்குக் கரைத்தது செடிக்கு.

நல்ல நுண்ணுயிர் போய்விடுமா என்றால், போகும். 2015-ல் ஹெல்சிங்கி, நாட்டிங்காம் ஆய்வாளர்கள் 23 பேருக்கு இந்த மாதிரிக் கழுவி, முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தார்கள். நுண்ணுயிர்களின் மொத்த அளவு 31-ல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பெரிய சேதம்தான். ஆனால் 14 நாளில் ஏறக்குறைய பழைய கூட்டம் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. ஒரே மூச்சில் மருந்து குடித்தவர்களைவிட, இரண்டு தவணையாகக் குடித்தவர்களுக்குக் குழப்பம் குறைவு. பாதி பாதியாகக் குடியுங்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எங்கிருந்து திரும்பி வந்தன? யாரும் வெளியிலிருந்து கொண்டு போய் ஊற்றவில்லை. ஒரு மனுஷ உடம்பில் இருக்கும் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, எடை 200 கிராம் அளவு என்று 2016-ல் கணக்கிட்டார்கள். பெரும்பகுதி பெருங்குடலில்தான். அதை 31-ல் ஒரு பங்காக்கினாலும் மிஞ்சுவதே ஒரு லட்சம் கோடிக்கு மேல். அவை குடல் சுவரின் கோழைப் படலத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. குடல்வால் இருக்கிறதே, எதற்கும் உதவாது என்று வெட்டிப்போடுகிற சமாச்சாரம், அதுகூட பேதி அடித்துப் போகும் காலத்தில் நல்ல நுண்ணுயிர்கள் ஒதுங்கியிருக்கும் இடமாக இருக்கலாம் என்று 2007-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு கருத்தை வைத்தார்கள். மழை வெள்ளம் வயலை அடித்துக்கொண்டு போனாலும் அடுக்குப் பானையில் விதை இருக்கிற மாதிரி.

அப்படியென்றால் கடை மாத்திரை? புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் 2001-ல் கொடுத்த விளக்கத்தின்படி, நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவு இருக்க வேண்டும், சாப்பிட்டவருக்குப் பலன் இருக்க வேண்டும். கொலனாஸ்கோப்பிக்குப் பிறகு புரோபயாட்டிக் கொடுத்து ஆஸ்திரேலியாவில் சோதித்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலி சராசரியாக 2.8 நாள் போல இருந்தது. புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு 2 நாள். வயிறு உப்புசத்திலும், மலம் பழைய நிலைக்கு வருவதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முக்கால் நாள் வலி குறைகிறது. அது வேண்டும் என்கிறவர் மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கவில்லை.

இன்னொரு ஆய்வு நம்ம கண்ணைத் திறக்கும். இது கொலனாஸ்கோப்பி பற்றியது அல்ல, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள் பற்றியது. சில பேரை மட்டும் வைத்து இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் செய்து 2018-ல் வெளியானது. மருந்து சாப்பிட்டு முடித்தவர்களில் ஒரு பிரிவுக்குப் பல வகைப் புரோபயாட்டிக் கொடுத்தார்கள். ஒரு பிரிவைச் சும்மா விட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு, முன்பே எடுத்து வைத்த அவரவர் மலத்திலுள்ள நுண்ணுயிரையே திருப்பிக் கொடுத்தார்கள். சொந்தச் சரக்கு கிடைத்தவர்களுக்கு சில நாளில் குடல் பழையபடி ஆனது. சும்மா விட்டவர்களுக்கு அதற்கு மேல் ஆனது. கடைச் சரக்கு சாப்பிட்டவர்களுக்குத்தான் ரொம்பத் தாமதம், மாதக்கணக்கில். வந்தேறிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்களை உள்ளே விடவில்லை. கம்பெனி விதையா, சொந்த விதையா என்று நாம் போடுகிற சண்டை குடலுக்குள்ளும் நடக்கிறது போலிருக்கிறது! இந்தச் சிறு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கமே 2020-ல், பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகளுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை, சில நிலைகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

மிஞ்சிய விதை முளைக்கத் தீனி வேண்டும். அது நம் சாப்பாடு. நாம் செரிக்க முடியாத நாரும் ஒரு வகை மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போய் அவற்றுக்கு இரையாகின்றன. இதைக் கையில் காட்டியவர்கள் நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசலோடு, எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு பேதியின் அளவும் குறைந்தது, சீக்கிரம் நின்றும் போனது. அந்த மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலம் உப்பையும் தண்ணீரையும் குடல் சுவர் வழியாக உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. காலராவிலேயே அவை இவ்வளவு வேலை செய்கின்றன.

ஆறிய சோற்றில் அந்த மாதிரிச் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும். அதில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகும். பழையதில் தீனியும் இருக்கு, நுண்ணுயிரும் இருக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்வது இதனால்தான். இட்லி மாவும் புளித்ததுதான், லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா புளிக்க வைப்பது. ஆனால் ஆவியில் வெந்ததும் அது செத்துப்போகும். இட்லி செரிக்க எளிது, புரோபயாட்டிக் அல்ல. தயிரும் மோரும் பழையதும் உயிருள்ளவை. அதற்காக இவற்றை மருந்து என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு என்கிறேன்.

நான் செய்தது இது. குடலை விரிக்க உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். அதனால்தான் முடிந்ததும் வயிறு பானை மாதிரி இருக்கும். காற்றுக்குப் பதில் கரியமில வாயு செலுத்தும் இடங்களில் உப்புசம் சீக்கிரம் அடங்கும், உடம்பு அதை உறிஞ்சி மூச்சில் விட்டுவிடும். முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. வாயு பிரிவதற்கு வெட்கப்படக் கூடாது. அங்கே உள்ள நர்சம்மாவே “விடுங்க ஐயா, விட்டாத்தான் வீட்டுக்கு” என்றார். மெள்ள நடந்தேன், இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன், வெந்நீர் குடித்தேன். அன்றைக்கு ராத்திரி இட்லியும் ரசமும். மறுநாள் குழைந்த சோறும் மோரும். மூன்றாம் நாள் காலையில் பழையது. கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, கழுவிக் காய்ந்த மண்சட்டியில் ஒரே ஒரு ராத்திரி வைத்தது. வெயில் காலத்தில் வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும், வீம்புக்குச் சாப்பிடக் கூடாது. பயறு, மொச்சை, முட்டைக்கோஸ் எல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான். நாலாம் நாள் கேழ்வரகுக் கூழு கொஞ்சம், பிறகு கீரை, பிறகு கம்பு. இரண்டு மூன்று நாள் மலம் வராமல் இருந்தது. வெறும் குடல் நிரம்ப வேண்டாமா? பயப்படவில்லை.

மயக்க மருந்து கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. டிராக்டர், மோட்டார் ரூம், பனை ஏறுவது எதுவும் ஆகாது. பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

சில அடையாளங்களைக் கண்டால் மோர், பழையது என்று வீட்டில் உட்காரவே கூடாது. வயிறு கல் மாதிரி இறுகிக் கடுமையாக வலித்தால், காய்ச்சல், விடாத வாந்தி வந்தால், ரத்தம் கட்டி கட்டியாகவோ நிற்காமலோ போனால், மலம் தார் மாதிரி கறுத்தால், தலைசுற்றி விழப் பார்த்தால், ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடலில் ஓட்டை விழுவது மிக அரிது, ஆனால் விழுந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பாலிப் அறுத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். மண்வெட்டி, மூட்டை தூக்குவதை அதுவரைக்கும் தள்ளிப்போடச் சொன்னார்கள். மகன் பார்த்துக்கொண்டான். புற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்கள் புரோபயாட்டிக் மாத்திரையோ பழையதோ மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பத்து நாள் கழித்துச் சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் பெரியது விட்டிருந்தால் ஆகக்கூடிய ஜாதி. மூன்று வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லித் தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பிகளையும் காட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பெரியண்ணன் இன்னும் போகவில்லை, துத்தி சாப்பிடுகிறார். அடுத்த தைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், பனங்கிழங்கு வருவதற்குள்.